அண்ணியின் வலது கால்

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்ணை, அதுவும் கூட்டத்தில் நின்றால் தனியாகத் தலை தெரிகிற உயரமுள்ளவளை, ‘பொடிசு’ என்று கூப்பிடுவதில் எந்த நியாயமும் இல்லை. ஆனால் அண்ணனுக்குத் தங்கை என்றைக்கும் பொடிசுதான். அவன் கூப்பிட்டதைக் கேட்டு, கல்யாணமாகி வந்த அண்ணியும் அப்படியே கூப்பிட்டாள். அப்புறம் அக்கம்பக்கம் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். வேலை செய்கிற சலவை நிலையத்தில்கூட மேலாளர் ‘பொடிசம்மா’ என்று ஒரு மரியாதையைச் சேர்த்துக் கூப்பிடுவாரே தவிர, பெயரைச் சொல்ல மாட்டார்.

பெரிய ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் இடம் அது. பொடிசுக்கு இஸ்திரிப் பிரிவு. சூடான உருளைகளுக்கு இடையில் ஈர விரிப்பின் முனையைச் சுருக்கமில்லாமல் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அது மொடமொடவென்று காய்ந்து வெளியே வரும். அப்படி ஒரு விரிப்பைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனிடமிருந்து போன் வந்தது. இரைச்சலில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணிக்கு... தலையில..." என்பது மட்டும் காதில் விழுந்தது. பொடிசு கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

அண்ணி பேருந்து ஓட்டுநர். நெரிசல் பிதுங்குகிற தடங்களில் வருஷக்கணக்காக ஓட்டியும் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அவள் அடிபட்டதும் ஓட்டும்போது இல்லை. வேலை முடிந்து, பணிமனை வாசலில் சாலையைக் கடக்க நின்றிருந்தாள். பின்பக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு சாமான் வேன் அவளைத் தள்ளிவிட்டது. வேன் ஒன்றும் வேகமாக வரவில்லை. ஆனால் விழுந்த இடத்தில் நடைபாதையின் கல் விளிம்பு இருந்தது.

மூளை வீங்கியதால் மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து வைத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகு அதைத் திரும்பப் பொருத்தினார்கள். உயிர் பிழைத்தாள். கண்ணையும் திறந்தாள். ஆனால் திறந்த கண்ணுக்குள்ளே ஆள் இருக்கிறாளா இல்லையா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. கையைப் பிடித்தால் பிடிக்கவில்லை. கண் இமைத்தது, மூச்சு வந்தது, அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதெல்லாம் முடிந்ததும், நகரத்தின் ஓரத்தில் இருந்த மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். கடையை விட்டால் பிழைப்பு இல்லை. அதனால் பொடிசு மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டு, காலை முழுவதும் அண்ணியோடு இருப்பதாக ஏற்றுக்கொண்டாள். மாலையில் கடை முடிந்து அண்ணன் வருவான்.

அண்ணன் அதைக் கேட்டதும் தங்கையை ஒரு மாதிரிப் பார்த்தான். காரணம் இருந்தது. பொடிசும் அண்ணியும் முகம் கொடுத்துப் பேசிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

சண்டை என்று சொல்ல முடியாது. பொடிசு கல்யாணம் செய்துகொள்ள நினைத்த மனிதர் ஒருநாள் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். நன்றாக உடுத்தியிருந்தார், நன்றாகப் பேசினார். அவர் போன பிறகு அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான் பேசறார். ஆனா வந்ததிலிருந்து போற வரைக்கும் உன்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கல, பொடிசு. அவர் வேண்டாம்." பொடிசுக்குச் சுர்ரென்று ஏறியது. அண்ணி சொன்னதைக் கேட்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டாள். அந்த மனிதர் அப்புறமும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. சலவை நிலையத்தில் கை வெந்து கட்டோடு வந்த நாளில்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச காலத்தில் பிரிந்துவிட்டார்கள். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று அண்ணி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பொடிசால் பொறுக்க முடியாமல் போனது அதைத்தான். சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருக்கலாம். சொல்லாததால், அந்த வீட்டுப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டாள்.

இப்போது அதே அண்ணியின் வாயைப் பஞ்சால் துடைத்து, முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டு, கை கால்களை மடக்கி நீட்டிவிடுகிற வேலை அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

மறுவாழ்வு ஆஸ்பத்திரியின் டாக்டர் சின்ன உருவமான பெண். சுற்றி வளைக்காமல் பேசுவார். ஒருநாள் அண்ணனையும் பொடிசையும் உட்காரவைத்து, காந்தத்தால் மூளையைத் தூண்டுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது என்றார்.

"மூளையில சில இடம் செத்துப் போச்சு. அதை ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா சில இடம் உயிரோட இருந்தும் சோர்ந்து போய்க் கிடக்கு. தலைக்கு வெளியில இருந்தே காந்தத்தால அந்த இடத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கலாம். வெட்டறது இல்ல, ஊசி இல்ல."

"தட்டினா எழுந்துடுவாளா?" என்றான் அண்ணன்.

"சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு. சிலருக்கு ஒண்ணுமே இல்ல. இவ்வளவு மோசமா அடிபட்டவங்க விஷயத்துல இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. நிச்சயமா எழுந்துடுவாங்கன்னு நான் சொன்னா, அது பொய். இன்னொண்ணும் சொல்லிடறேன். வலிப்பு வர வாய்ப்பு இருக்கு. சின்ன வாய்ப்புதான், ஆனா இருக்கு."

"செய்யுங்க" என்றான் அண்ணன், மூச்சு விடாமல்.

"ஆற அமர யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன்."

காந்தத்தை வைத்து மூளையை எழுப்புவதாம்! பொடிசுக்குத் தெரிந்த காந்தமெல்லாம் குளிர்பதனப் பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டிவைக்கிற காந்தம்தான். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தபோது வாயைத் திறக்க மனசு வரவில்லை.

மண்டையோட்டுத் துண்டைப் பொருத்திய சின்னத் தகடுகள் என்ன உலோகம், எந்த இடத்தில் இருக்கின்றன என்று பழைய படங்களை வரவழைத்துப் பார்த்த பிறகே டாக்டர் தேதி கொடுத்தார்.

அந்த அறையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பல் டாக்டரிடம் இருப்பது போல ஒரு சாய்வு நாற்காலி. பக்கத்தில் சின்ன அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி. அதிலிருந்து தடித்த ஒயர் ஒன்று கிளம்பி, இரண்டு வளையல்களை ஒட்டவைத்தது போன்ற ஒரு கருவியில் போய் முடிந்தது. கைப்பிடி வைத்திருந்தார்கள். பார்த்தவுடனே, இது சட்டைக் காலருக்குப் போடுகிற சின்ன இஸ்திரிப்பெட்டி மாதிரி இருக்கிறதே என்றுதான் பொடிசுக்குத் தோன்றியது. மிஷினை இயக்குகிறவர் தடித்த மீசைக்காரர், ஓய்வு பெறுகிற வயது. மீசைக்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை, அவ்வளவு மெல்லிய குரல். அங்கே வருகிற குடும்பங்கள் அவருக்கு ‘டிக்டிக் சார்’ என்று பெயர் வைத்திருந்தன.

"போன், சாவி, வாட்ச் எல்லாம் வெளியில வச்சிடுங்க. உங்க கொண்டை ஊசியையும்தான்மா" என்றார் பொடிசைப் பார்த்து.

பொடிசு ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். தலைமுடி அவிழ்ந்து தோளெல்லாம் பரவியது. டிக்டிக் சார் அண்ணியின் காதுகளில் பஞ்சு அடைப்பானை வைத்தார். பிறகு, கேட்கிற ஆளிடம் பேசுவது போலவே குனிந்து சொன்னார்: "அம்மா, இப்ப டிக்டிக்னு சத்தம் வரும். தலையில விரலால தட்டற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க."

கருவியைத் தலையின் ஒரு பக்கம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு தட்டாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் தட்டியபோது அண்ணியின் கட்டைவிரல் துள்ளியது. மறுபடி தட்டினார். மறுபடி துள்ளியது.

"அசைக்கிறா!" என்று அண்ணன் கத்திவிட்டான். "பொடிசு, பார்த்தியா? விரலை அசைக்கிறா!" நாற்காலியின் காலடியில் அப்படியே உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

டிக்டிக் சார் கருவியைக் கீழே வைத்தார். அவருக்கு அது முதல் தடவை இல்லை போலிருக்கிறது. "சார், அவங்க அசைக்கல. நான் அசைச்சேன். எவ்வளவு பலம் வைக்கணும்னு தெரிஞ்சுக்கறதுக்காக முதல்ல விரலுக்கான இடத்தைத் தேடுவோம். மன்னிச்சுக்குங்க, முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அண்ணன் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அந்த அறைக்குள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் காலையில் சிகிச்சை. டிக்டிக் சார் தினமும் அதே வார்த்தைகளை அதே மெல்லிய குரலில் சொல்வார். மிஷின் படபடவென்று ஒரு மூச்சுத் தட்டிவிட்டு நிற்கும், மறுபடி தட்டும். அண்ணி சுவரைப் பார்த்தபடி கிடப்பாள். பொடிசு கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். வாரங்கள் போயின. ஒன்றும் நடக்கவில்லை.

சாயங்காலங்களில் அண்ணன் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, என் தங்கமில்ல, இங்க பாரும்மா" என்று குழைவான். வேலை இல்லாத நாட்களில் கூட இருக்கும் பொடிசுக்குக் கேட்கவே கூசும். இரண்டு பேரும் வாழ்ந்த வாழ்க்கையில் கண்ணு தங்கமெல்லாம் ஒருநாளும் இருந்ததில்லை. காலையில் எழுந்தால் பற்பசையின் மூடிக்குச் சண்டை, படுக்கப் போகும்போது மின்விசிறிக்குச் சண்டை. அப்படி உயிரோட்டமாக இருந்த வீடு அது.

ஒரு காலை, சிகிச்சை முடிந்து அண்ணியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள் பொடிசு. கட்டடத்திலிருந்து தோட்டத்துக்கு இறங்க ஒரு சாய்வுப் பாதை இருந்தது. அன்றைக்குச் சலவை நிலையத்தில் ஆள் குறைவு, சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த அவசரத்தில் கைப்பிடியைச் சரியாக இழுத்துப் பிடிக்கவில்லை. நாற்காலி கடகடவென்று இறங்கியது. ‘தட்’ என்று ஒரு சத்தம்.

எங்கேயாவது இடித்துவிட்டோமோ என்று பதறிப் பார்த்தாள். இடிக்கவில்லை. அண்ணியின் வலது கால், பாதம் வைக்கிற தட்டை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. முழங்கால் விறைத்து நீண்டிருந்தது. இடது கால் சும்மா கிடந்தது. சமதளத்துக்கு வந்து நின்றதும் வலது கால் மெல்லத் தளர்ந்தது.

பொடிசு நாற்காலியைத் திருப்பி, மூச்சு வாங்க மேலே தள்ளிக்கொண்டு போய், மறுபடியும் அதே மாதிரி விட்டாள். மறுபடியும் அதே கால், அதே மிதி.

அவளுக்கு ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அண்ணி அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த நாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த அண்ணி, ஒவ்வொரு திருப்பத்திலும் தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டினாள். "உன்கூட வந்ததுக்கு நான் நடந்தே வந்திருக்கலாம்" என்றாள்.

சாயங்காலம் போனில் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் நம்பத் தயாராக இல்லை.

"நரம்பு இழுக்கும் பொடிசு. விரல்ல பார்த்தோமே."

"விரலை மிஷின் அசைச்சுது. தோட்டத்துல மிஷின் எங்க இருக்கு?"

"நீ முதல்ல இருந்தே இதுல நம்பிக்கை இல்லாதவ. இப்ப நீ வந்து எனக்கு ஆசை காட்டாத. இன்னொரு தடவை ஏமாற என்னால ஆகாது."

இரண்டு நாள் கழித்து, மத்தியான நேரத்தில், வார்டில் அண்ணிக்கு வலிப்பு வந்தது. பொடிசுதான் பக்கத்தில் இருந்தாள். உடம்பு விறைத்தது, பிறகு முழுவதுமாக உதறியது. நர்ஸ்கள் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்து மருந்து கொடுத்தார்கள். சீக்கிரமே அடங்கிவிட்டது. ஆனால் அன்றைக்கு முழுவதும் அண்ணி அசையாமல் தூங்கினாள்.

டாக்டர் சிகிச்சையை நிறுத்திவைத்தார். "காந்தத்தால வந்துதா, அடிபட்டதால தானா வந்துதான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. வலிப்பு மருந்தை மாத்திக் கொடுக்கறேன். கொஞ்ச நாள் பார்ப்போம். அப்புறம் பலத்தைக் குறைச்சுத் தொடரலாமா, விட்டுடலாமான்னு நீங்க சொல்லுங்க."

நடைக்கூடத்தில் காப்பி மிஷின் பக்கத்தில் நின்று அண்ணன், "விட்டுடலாம்" என்றான். "அவ உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சுன்னு நீ சொன்னதை நினைச்சாலே... போதும் பொடிசு. இருக்கறபடி இருக்கட்டும்."

"அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன். முடியாதுன்னு சொல்லாத. ஒரே ஒரு தடவை என்கூடத் தோட்டத்துக்கு வா."

டாக்டர் நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று சொன்ன நாளில், அண்ணன் கடையிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்தான். சாய்வுப் பாதையில் அவனே தள்ளினான். முட்டைக் கூடையைச் சுமக்கிறவன் போல, அங்குலம் அங்குலமாக இறக்கினான். அண்ணியின் கால் அசையவே இல்லை.

"பார்த்தியா?" என்றான். குரலில் ஏமாற்றமும் இருந்தது, ஒரு நிம்மதியும் இருந்தது.

"இப்படித் தள்ளினா எனக்கே தூக்கம் வரும். நகரு."

பொடிசு நாற்காலியைப் பிடுங்கி மேலே கொண்டுபோனாள். அண்ணன் "மெதுவா, மெதுவா" என்று பின்னாலேயே ஓடிவர, அவள் தன் பாணியில் இறக்கினாள். தட்!

அண்ணன் முன்னால் வந்து மண்டியிட்டு அந்தக் காலையே பார்த்தான். முழங்கால் விறைத்திருந்தது, தளர்ந்தது. அவன் அழவில்லை. நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு, விபத்துக்குப் பின் முதல் தடவையாகத் தன் பழைய குரலில் பேசினான்: "ஏன்டி, அவ தள்ளினா மட்டும்தான் பயமா? நான் தள்ளினா தூங்கறியா?"

டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் அவசரப்படவில்லை. சமதளத்தில் நாற்காலியை நிறுத்தி, எதிரே உட்கார்ந்து, "பிரேக் போடுங்க" என்றார். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் வாயைத் திறக்கப் போனான். டாக்டர் கையமர்த்தினார். எல்லாரும் காத்திருந்தார்கள். தோட்டக்காரர் குழாயை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார். இனி இல்லை என்று பொடிசு நினைத்த நேரத்தில், வலது பாதம் மெல்லக் கீழே அழுந்தியது.

"விடுங்க" என்றார் டாக்டர்.

மறுபடி ஒரு நீண்ட காத்திருப்பு. பாதம் தளர்ந்தது.

அடுத்தடுத்த நாட்களிலும் சோதித்தார். எல்லாத் தடவையும் வரவில்லை. சில காலைகளில் அண்ணி கூப்பிட்ட குரலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தாள். ஆனால் சம்பந்தமில்லாத வார்த்தைகளைச் சொன்னபோது கால் சும்மா இருந்தது, பிரேக் என்றபோது மட்டும்தான் அழுந்தியது. கடைசியில் டாக்டர் சொன்னார்: "இதை வச்சுத் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஆனா உள்ள ஆள் இருக்காங்க. அதைச் சொல்லலாம்."

"காந்தத்தாலயா டாக்டர்?" என்று கேட்டான் அண்ணன்.

"காந்தமா, காலம் போனதாலயா, உங்க தங்கச்சி நாற்காலி தள்ளற லட்சணமான்னு சத்தியமா எனக்குத் தெரியாது." டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தார்கள். "மூணும் சேர்ந்துகூட இருக்கலாம். தொடரலாமா?"

அண்ணன் இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தான். மறுநாள் காலை கடைக்குப் போகும் வழியில் வந்து, "பலத்தைக் குறைச்சு வைங்க. நானும் உள்ள இருக்கேன்" என்றான்.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் கண்ணு தங்கம் நின்றுவிட்டது. கடையில் நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். ஒருத்தர் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டு, சட்டம் மட்டமானது என்று சண்டைக்கு வந்ததைச் சொன்னான். புது முதலாளிக்குத் தூரப்பார்வைக்கும் கிட்டப்பார்வைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று புலம்பினான். பற்பசை மூடியைத் தான் இப்போதும் மூடுவதில்லை என்றும் ஒருநாள் வேண்டுமென்றே சொன்னான். அண்ணியின் கண்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விட்டு அவன் பக்கம் வரத் தொடங்கின. சில நாள் வரும், சில நாள் வராது. பிசியோதெரபி பெண் காலையும் கையையும் நீட்டி மடக்கச் சொல்லித் தினமும் மல்லுக்கட்டினாள்.

ஒரு காலையில் டிக்டிக் சார் வழக்கம்போல அடைப்பானை எடுத்துக்கொண்டு குனிந்தார். "அம்மா, இப்ப டிக்டிக்னு சத்தம் வரும். தலையில விரலால தட்டற மாதிரி..."

"தெரியும்."

கரகரத்த குரல். பல மாதம் பூட்டிக்கிடந்த கதவைத் திறந்தது போல இருந்தது. யார் பேசினார்கள் என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி லேசாகச் சுருங்கியிருந்தது, ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு அலுத்துப்போன முகம்.

டிக்டிக் சாரின் மீசை துடித்தது. "தெரியுமாம்மா? சரிம்மா. தெரிஞ்சா சரி" என்றார். அண்ணன் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டான்.

பிறகு வார்த்தைகள் வந்தன. ஓட்டைக் குழாயில் தண்ணீர் வருவது போல, வரும், நிற்கும், வரும். தண்ணீர் என்பதற்குச் சன்னல் என்பாள். தப்பு என்று அவளுக்கே தெரியும், ஆனால் சரியானது வாயில் வராது. எரிச்சலில் கண்ணீர் வழியும். மறுபடி முயற்சி செய்வாள்.

நல்ல வெயில் விழுந்த ஒரு மத்தியானம், பொடிசு அண்ணியின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொடிசு. அந்த... அவர். சாப்பிட வந்தாரே."

நகவெட்டி நின்றது. "யாரு அண்ணி?"

"நல்ல சட்டை. உன்னை... கட்டிக்கப் போறவர்."

அடிபட்ட மூளையிலிருந்து சில வருஷங்கள் மொத்தமாக உதிர்ந்துபோயிருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த வருஷங்கள் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. பொடிசின் கல்யாணம், அந்த வீடு, பிரிந்து வந்தது, வீட்டு வாசல்வரை வந்து அண்ணியைப் பார்க்காமலே திரும்பிப் போன நாட்கள், எதுவுமே அண்ணியிடம் இல்லை. அந்தச் சாப்பாட்டு மேஜை நேற்று போல இருந்தது அவளுக்கு.

"ஆமா அண்ணி. வந்தார்."

அண்ணி வார்த்தைகளைத் தேடினாள். நெற்றியில் வியர்வை அரும்பியது. பொடிசு எடுத்துக்கொடுக்கவில்லை, காத்திருந்தாள்.

"உன்னை ஒண்ணுமே... கேக்கல அவர்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வேண்டாம் பொடிசு."

சொல்லிவிட்டு, கோபித்துக்கொள்வாளோ என்று நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கும் இப்படித்தான் பார்த்திருப்பாள். அன்றைக்குப் பொடிசு அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"சரி அண்ணி" என்றாள் பொடிசு. "வேண்டாம்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். எனக்கும் அப்படித்தான் தோணுது."

அண்ணி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். பொடிசு மிச்ச விரல்களின் நகத்தையும் வெட்டி முடித்தாள். நடந்ததையெல்லாம் இன்னொரு நாள், அண்ணிக்குத் தெம்பு வந்த பிறகு, அவளே உட்கார்ந்து முழுசாகச் சொன்னாள். அண்ணி கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் எங்க போனேன் அப்போ?" என்று மட்டும் கேட்டாள். "நீங்க இருந்தீங்க அண்ணி, நான்தான் வரல" என்றாள் பொடிசு.

வீட்டுக்கு வந்த அண்ணி பழைய அண்ணி இல்லை. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. இடது கை சொன்ன பேச்சைக் கேட்காது. கொஞ்சம் கூட்டம் சேர்ந்தாலும் தலை வலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சில சமயம் அழுவாள். பேருந்து ஓட்ட முடியுமா என்று ஒருநாள் டாக்டரிடம் நேராகவே கேட்டாள். முடியாது என்று டாக்டரும் நேராகவே சொன்னார். அன்றைக்கு முழுவதும் அண்ணி யாரோடும் பேசவில்லை. அண்ணன் கடைக்கு லீவு போட்டுவிட்டு, அவனும் ஒன்றும் பேசாமல், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்து, "அடுப்பை அணைக்கக்கூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று அவள் அதட்டியபோது, அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த பொடிசு அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

அவ்வப்போது பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பொடிசுதான் கூட்டிப்போவாள். ஒரு தடவை அண்ணி டாக்டரிடம் உள்ளே போயிருந்தபோது, காத்திருக்கும் இடத்தில் ஒரு மனிதர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கசங்கிய சட்டை, சவரம் செய்யாத முகம். அவருடைய மகள் மாடியில் படுத்திருக்கிறாளாம். படிக்கட்டிலிருந்து விழுந்துவிட்டாளாம். கண் திறந்திருக்கிறதாம்.

"அந்தக் காந்த வைத்தியம் செய்யலாமான்னு கேக்கறாங்க. உங்க அண்ணிக்குச் செஞ்சாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. நல்லா ஆயிடுமாம்மா?"

ஆகிவிடும் என்று சொன்னால் அவர் முகம் எப்படி மலரும் என்று பொடிசுக்குத் தெரியும். ஆகாது என்று சொல்லவும் அவளிடம் ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "எங்க அண்ணி பழையபடி ஆகல. ஆனா இன்னைக்குக் காலையில என்கிட்ட சண்டை போட்டாங்க."

"சண்டையா? எதுக்கு?"

"முதல்ல கட்டியிருந்த புடவை எனக்கு நல்லா இல்லையாம். மாத்திக்கிட்டு வந்தாத்தான் கிளம்புவேன்னு உட்கார்ந்துட்டாங்க."

அந்த மனிதர் அவளுடைய புடவையைப் பார்த்தார். "மாத்திட்டீங்களா?"

"மாத்தாம? பஸ்ஸைத் தவற விட முடியுமா?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என் மகளும் அப்படித்தான். நான் எந்தச் சட்டை போட்டாலும் ஒரு குத்தம் சொல்லுவா" என்றார்.

"அப்படியா? என்னென்ன சொல்லுவா?" என்று கேட்டாள் பொடிசு.

அவர் சொல்ல ஆரம்பித்தார்.